சக்கரங்களுக்கு இடையில்

என் தந்தையார் பொன்மலை இரயில்வே பணிமனையில் 36 ஆண்டுகள் சக்கரங்களோடு வாழ்ந்தவர். 1958-இல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 1994-இல் ஓய்வுபெற்ற நாள்வரை, மீட்டர் கேஜ் வண்டிகளின் சக்கரங்களைக் கழற்றுவதும் கடைவதும் மீண்டும் அச்சில் ஏற்றுவதுமே அவருடைய பிழைப்பு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, ‘உங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?’ என்று யாரேனும் கேட்டால், ‘இரயிலுக்குச் செருப்புத் தைக்கிறார்’ என்று என் அண்ணன் பதில் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பை எந்த வயதில் இழந்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கையில் வெட்கம் மேலிடுகிறது.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான எண் ஒன்று உண்டு. அது 930. மீட்டர் கேஜ் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1000 மில்லிமீட்டர். அதில் ஓடும் வண்டியின் ஓர் அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம் 930 மில்லிமீட்டர். மீதியுள்ள சிறு இடத்தில்தான் சக்கரத்தின் விளிம்பு, அதாவது பணிமனைக்காரர்கள் ஃபிளாஞ்ச் என்று சொல்லும் பகுதி, தண்டவாளத்தின் உட்புறமாக இறங்கி வண்டிக்கு வழிகாட்டுகிறது. அந்த 930 பிசகினால் நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது. பாயிண்டைத் தாண்டும்போது வண்டி தடம் புரளும்.

அப்பா அளக்கும் விதமும் நினைவில் இருக்கிறது. ஒருமுறை அளந்துவிட்டு ஓயமாட்டார். சக்கரத்தைச் சிறிது சிறிதாக உருட்டி மூன்று இடங்களில் அளப்பார். ‘ஒரு இடத்துல சரியா இருந்தா அதை நம்பாதீங்கடா. மூணு இடத்துலயும் சரியா இருந்தாத்தான் சக்கரம் நேரா நிக்குதுன்னு அர்த்தம்’ என்பார்.

குருமடத்திற்குச் சென்றேன், இறையியல் கற்றேன், குருவானேன். 930 என்ற எண் என்னைவிட்டு அகன்று பல ஆண்டுகள் ஆயின. அதை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர், பொன்மலையைப் பார்த்தே இராத ஓர் ஆங்கிலேயப் பெரியவர்.

* * *

2017-ஆம் ஆண்டு கோடையில், விடுமுறைக்குச் சென்ற ஒரு பங்குத்தந்தைக்குப் பதிலாகத் தென் இங்கிலாந்தின் சிறிய ஊர் ஒன்றில் ஆறு வாரங்கள் பணியாற்றினேன். முதல் ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது, கைத்தடியோடு வந்த முதியவர் ஒருவர் என் கையைக் குலுக்கி, ‘ஃபாதர், உங்கள் தந்தை என்ன தொழில் செய்தார்?’ என்று கேட்டார். புதிய குருவிடம் யாரும் கேட்கும் முதற்கேள்வி அல்ல அது. ‘இரயில்வேயில் இருந்தார்’ என்றேன். ‘இரயில்வேயில் என்ன வேலை?’ என்று விடாமல் கேட்டார். சற்றே தயங்கி, ‘சக்கரம் பொருத்தும் வேலை’ என்றேன். அவர் முகம் விளக்கேற்றியதுபோல் மலர்ந்தது. ‘அப்படியானால் இன்று மாலை என் தோட்டத்துக் கொட்டகைக்குக் கட்டாயம் வரவேண்டும்’ என்றார்.

வயது எண்பதை நெருங்கியவர். மனைவியை இழந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டின் பின்புறத்து மரக்கொட்டகையில், இடுப்பளவு உயர மேசைகளின்மீது ஓர் உலகத்தையே அமைத்திருந்தார். கிராமத்து இரயில் நிலையம், நிலக்கரிக் கிடங்கு, பாலம், புல்மேடு. பாதையில் நின்ற சரக்கு வண்டி ஒன்று என் சுண்டுவிரல் நீளந்தான் இருக்கும். ‘பொம்மை இரயில்’ என்று சொல்ல வாயெடுத்தவன், அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவர் ஒரு வண்டியை எடுத்து என் கண்ணுக்கு நேரே, முன்புறம் தெரியும்படி பிடித்தார். கடையில் வாங்கிய அதே வகை வண்டி ஒன்றை மறுகையில் பிடித்தார். ‘வேறுபாடு தெரிகிறதா?’ என்றார். எனக்குத் தெரியவில்லை. ‘சக்கரங்களைப் பாருங்கள்.’ பார்த்தேன். கடை வண்டியின் சக்கரங்கள் உடலுக்கு அடியில் ஒடுங்கி இருந்தன. அவருடைய வண்டியின் சக்கரங்கள் அகன்று, நிமிர்ந்து நின்றன.

பின்னர் அதன் வரலாற்றைச் சொன்னார். உண்மையான இங்கிலாந்து இரயில் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். அங்கே பெரும்பாலோர் வாங்கும் மாதிரி இரயிலில், உண்மையின் ஓர் அடி 4 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அந்தக் கணக்குப்படி பாதையின் அகலம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் கடைகளில் விற்கும் ‘டபுள் ஓ’ பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். உண்மைக்கு மாற்றிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 அங்குலம் குறுகிய பாதை அது.

இந்தப் பிழை எப்படி நுழைந்தது? ஓர் அடியை 3.5 மில்லிமீட்டராகச் சுருக்கினால் 16.5 பொருத்தமான அகலமே. ஐரோப்பாவின் பிற நாடுகள் அந்த அளவையே கொண்டன. ஆனால் இங்கிலாந்தின் குகைகளும் பாலங்களும் ஒடுக்கமானவை. ஆகையால் அந்நாட்டு இரயில் எஞ்சின்களும் உருவில் சிறியவை. 1920-களில் கிடைத்த மின்மோட்டார் அவ்வளவு சிறிய எஞ்சினின் உடலுக்குள் அடங்கவில்லை. மோட்டாரைச் சிறிதாக்க முடியாதவர்கள் உடலை 4 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கினார்கள். பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். ‘உடல் வளர்ந்தது, கால் வளரவில்லை. அடுத்து வந்தவர்கள் எல்லாரும் அதையே வாங்கினார்கள். இன்று அதுதான் வழக்கம்’ என்று சிரித்தார் பெரியவர்.

இதைப் பொறுக்காத சிலர் 18 மில்லிமீட்டர் பாதை அமைத்தார்கள். அது பின்னர் 18.2 ஆகி ‘ஈ.எம்.’ என்ற பெயரோடு நிலைத்தது. 1960-களில் இன்னும் சிலர், 18.83-க்குக் குறைந்த எதையும் ஏற்க மாட்டோம் என்று புறப்பட்டார்கள். நம் பெரியவர் 18.2-இல் நின்றுகொண்டவர். ‘முழு உண்மைக்கு என் கைகள் போதவில்லை ஃபாதர். முக்கால் உண்மையோடு நின்றுவிட்டேன்’ என்றார். பிறகு தனியே கணக்கிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது ஏறக்குறையச் சரியான கணக்கே.

‘உங்கள் ஆட்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர்’ என்று கூறி, பீட்டர் டென்னி என்ற ஆங்கிலிக்கன் குருவைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்திலேயே 18 மில்லிமீட்டர் பாதையில் ‘பக்கிங்ஹாம்’ என்ற புகழ்பெற்ற மாதிரி இரயில்வேயைத் தொடங்கியவர் அவர். இரயில்களை இயக்க அவருக்குத் துணையாக இருந்தவர் அவர் மகன் கிறிஸ்பின். பின்னாளில் மகனின் இடத்தில் வேலை செய்ய ஓர் இயந்திரத்தையே செய்து, அதற்குத் ‘தானியங்கி கிறிஸ்பின்’ என்று பெயரிட்டாராம். இதைச் சொன்ன பெரியவர் சிரித்தார். பிறகு சன்னலுக்கு வெளியே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

* * *

அதன்பின் பல மாலைகள் அந்தக் கொட்டகையில் கழிந்தன. ஒரு வண்டியின் சக்கரங்களை மாற்றும் வேலையை அவர் எனக்குக் கற்றுத்தந்தார்.

வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அச்சைத் தாங்கும் இரு பக்கங்களையும் மெல்ல விரித்தால் சக்கரங்கள் அச்சோடு வெளியே வந்துவிடும். அச்சின் இரு முனைகளும் ஊசிபோல் கூரானவை. அவை வண்டியின் பக்கங்களில் உள்ள சிறு குழிகளில் அமர்ந்து சுழல்கின்றன. அச்சின் நீளம் 26 மில்லிமீட்டர். நல்ல வேளையாக, எந்த அகலத்திற்கும் அந்த நீளம் மாறுவதில்லை. அச்சின்மேல் சக்கரங்கள் நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது. கடை வண்டியில் சக்கரங்களின் உட்புறத் தூரம் ஏறத்தாழ 14.5 மில்லிமீட்டர். அவருடைய பாதைக்கு அது 16.5 ஆக வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தால் போதும்.

பழைய சக்கரங்கள் இரண்டைக் கொடுத்து என்னைப் பழகச் சொன்னார். சக்கரத்தைத் திருகியபடியே மெல்ல இழுத்தேன். இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு சிறிய பித்தளைக் கட்டையை வைத்து அளந்தேன். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. வெற்றிப் புன்னகையோடு நீட்டினேன். அவர் வாங்கி, அச்சைச் சிறிது உருட்டி மறுபடி அளந்தார். இன்னும் சிறிது உருட்டி மூன்றாம் முறையும் அளந்தார். கட்டை தடுக்கியது. ‘ஒரு இடத்தில் சரியாக இருக்கிறது ஃபாதர். சக்கரம் கோணலாக நிற்கிறது’ என்றார்.

என்னால் பேச முடியவில்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால், மறைந்துபோன என் தந்தையின் குரலை ஓர் ஆங்கிலேயரின் வாய்வழியாகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சக்கரம் மாறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் தொடங்கியது. பழைய சக்கரங்களுக்கு நேரே செய்யப்பட்டிருந்த பிரேக் கட்டைகள், இப்போது சக்கரத்தைத் தொடாமல் உள்ளே தனியே தொங்கின. அவற்றைக் கத்தியால் அறுத்தெடுத்து, ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்ட வேண்டும். அகன்ற சக்கரம் வண்டியின் பக்கத்தை உரசுகிறதா என்று பார்த்து, உரசினால் உட்புறத்தைச் சுரண்டி மெலிதாக்க வேண்டும். சக்கரத்தை நகர்த்த ஐந்து நிமிடம். அந்த நகர்வுக்கு மற்றவற்றை இணங்கச் செய்ய ஒரு மாலைப்பொழுது.

எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம். அதன் அச்சுகளையே நீளமானவையாக மாற்ற வேண்டும். ஒருபுறச் சக்கரத்தின் இணைப்பு முளையும் மறுபுறத்து முளையும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்க வேண்டும். எல்லா அச்சுகளிலும் அந்தக் கோணம் ஒன்றாக இருந்தால்தான் எஞ்சின் தடையின்றி நகரும்; இல்லையேல் நொண்டும். ஓர் எஞ்சினை மாற்ற அவருக்கு மூன்று மாதங்கள் ஆயினவாம்.

கழற்றிய பழைய சக்கரங்களை எல்லாம் அவர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். ‘இனி எதற்கு இவை?’ என்று கேட்டேன். ‘எறிய மனம் வரவில்லை’ என்றார்.

* * *

நான்காம் வாரத்தில்தான் பேரனைப் பற்றிச் சொன்னார்.

அவருடைய மகன் பக்கத்து நகரில் வாழ்கிறார். எட்டு வயதுப் பேரனுக்கு முந்திய கிறிஸ்துமஸ் நாளில் மாதிரி இரயில் ஒன்று பரிசாக வந்தது. கடையில் வாங்கிய சாதாரண வகை. தாத்தாவின் பாதையில் அதை ஓட்டிப் பார்க்கும் ஆசையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான் சிறுவன். நேர்ப்பாதையில் எஞ்சின் தத்தித் தத்தி ஓடிற்று. முதல் வளைவில் ஒருபுறமாக ஒதுங்கியதும், மறுபுறச் சக்கரம் தண்டவாளத்தைவிட்டு நழுவி உள்ளே விழுந்தது. மீண்டும் வைத்தார்கள், மீண்டும் விழுந்தது.

‘தவறு என் பாதையில் இல்லை, உன் இரயிலில்தான் இருக்கிறது என்று சொன்னேன் ஃபாதர். அது உண்மைதான். அளவுகளைக்கூட எழுதிக் காட்டினேன்.’ பெரியவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். ‘அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரயிலைப் பெட்டியில் வைத்து மூடினான். அதன்பிறகு இந்த வீட்டுக்கு வருகிறான். இந்தக் கொட்டகைக்கு வருவதில்லை.’

நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் பகுதிகளில் மீட்டர் கேஜும் அகலப்பாதையும் இருந்தன. வங்காளதேசத்தில் இவ்விரு வகை வண்டிகளும் ஓடும்படி மூன்று தண்டவாளங்கள் பதித்த பாதைகள் உள்ளன. ஒரு தண்டவாளம் இருவருக்கும் பொது, மற்றவை தனித்தனி. அதுபோல் நீங்களும் மூன்றாவதாக ஒன்றைப் பதிக்கலாமே என்றேன்.

அவர் தலையசைத்தார். இங்கிலாந்திலும் அப்படிச் செய்தார்களாம். புரூனெல் என்ற பொறியாளர் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேக்கு 7 அடியைவிடச் சற்றே அகன்ற பாதையை அமைத்தார். மற்றவர்களின் பாதையோடு அது சேர்ந்து ஓட வேண்டிய இடங்களில் மூன்றாம் தண்டவாளம் இட்டார்கள். கடைசியில் 1892 மே மாதத்து வார இறுதி ஒன்றில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கூடி, எஞ்சியிருந்த அகன்ற பாதை முழுவதையும் குறுக்கி முடித்தார்கள். அந்த நாள் வரப்போகிறது என்று அறிந்து, எளிதில் சக்கரம் மாற்றத்தக்க வண்டிகளை முன்கூட்டியே கட்டிவைத்திருந்தார்களாம்.

‘ஆனால் அங்கே இரு பாதைகளுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். உங்கள் நாட்டில் 676. இங்கே என்ன வேறுபாடு?’ என்று கேட்டார். 18.2-இலிருந்து 16.5-ஐக் கழித்தேன். 1.7. ‘தண்டவாளத்தின் தலையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். அதைக் கழித்தால் மிஞ்சும் இடத்தில் சக்கரத்தின் விளிம்பு நுழையாது. நானும் முயன்று பார்த்துவிட்டேன். வேறுபாடு பெரிதாக இருந்தால் மூன்றாம் தண்டவாளத்துக்கு இடம் உண்டு, ஃபாதர். வேறுபாடு இவ்வளவு சிறியதாக இருந்தால் இடமே இல்லை.’

பெரிய இரயில்களுக்கும் இது பொருந்தும். ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் 1000 மில்லிமீட்டர் பாதையும் 1067 மில்லிமீட்டர் பாதையும் உண்டு. இடையே வெறும் 67 மில்லிமீட்டர். அவை சந்திக்கும் கிடாட்டு என்ற இடத்தில், ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மற்றதில் ஏற்றுவதற்கென்றே ஒரு நிலையம் கட்டினார்கள்.

* * *

அன்றிரவு பங்கு இல்லத்தில் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அன்பர்களே, இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா 2011-இல் காலமானார். ஓய்வுபெற்றபின் அவர் அண்ணனோடுதான் இருந்தார். அண்ணனும் அதே பணிமனையில் ஃபிட்டர். சென்னை எழும்பூர் வழியாகத் தாம்பரத்துக்கு 1931 முதல் ஓடிவந்த மீட்டர் கேஜ் மின்சார இரயில் 2004-இல் நிறுத்தப்படுகிறது என்று அறிந்ததும், ‘கடைசியா ஒரு தடவை ஏறணும்’ என்றார் அப்பா. அழைத்துச் சென்றவர் அண்ணன். எனக்கு அன்று ஏதோ கூட்டம் இருந்தது. நோயுற்ற கடைசி ஆண்டுகளில் அப்பாவைக் குளிப்பாட்டியவர் அண்ணன், உணவூட்டியவர் அண்ணி.

கல்லறைக்குக் கல் எழுதும் பொறுப்பை மட்டும் நான் ஏற்றுக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. அப்பாவின் பெயர், பிறப்பு, இறப்பு. அதன் கீழே, ஒரு குருவை இறைவனுக்குக் கையளித்த தந்தை என்று ஒரு வரி. கல் நாட்டிய மறுநாள் அண்ணன் வந்து நின்றார்.

‘அப்பா முப்பத்தாறு வருஷம் பார்த்த வேலை அதுல எங்க?’

‘கல்லுல இடம் இல்லண்ணே’ என்றேன்.

அது பொய். ஒரு வரிக்கு இடம் இருந்தது. அண்ணன் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘இடம் இல்லையா, எழுதக் கூச்சமா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதுவரை வெளியார் முன்னிலையில் ‘சாமி’ என்றும், வீட்டுக்குள் ‘தம்பி’ என்றும் அழைத்துவந்தவர், அன்றுமுதல் எங்கும் ‘ஃபாதர்’ என்றே அழைக்கலானார். மரியாதையில் குறைவில்லை. பண்டிகைக்குப் பலகாரம் வந்தது. சந்தித்தால் நலம் விசாரித்தோம். ஐந்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

பெரிய சண்டையாக இருந்திருந்தால் உறவினர்கள் நடுவே வந்திருப்பார்கள். யாரேனும் ஒருவர் மூன்றாம் தண்டவாளமாகப் படுத்திருப்பார். சொத்துத் தகராறா? இல்லை. கொள்கை வேறுபாடா? அதுவும் இல்லை. இருவருக்கும் அதே அப்பா, அதே அன்பு. இடையே ஒரே ஒரு வரி. வெளியே சொன்னால் ‘இதற்கா?’ என்று சிரிப்பார்கள். ஆகவே வெளியே சொல்லவும் இல்லை. ஊர் ஊராக ஒற்றுமையைப் பற்றி மறையுரை ஆற்றிய நான், நேர்ப்பாதையில் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டுத் திருப்பத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தடம் புரண்டேன்.

* * *

புறப்படுவதற்கு முந்திய வாரம் பெரியவர் என்னை அழைத்தார். கொட்டகையின் மறுபுறச் சுவரோரம், கடையில் விற்கும் சாதாரண 16.5 மில்லிமீட்டர் பாதையைப் புதிதாக வட்டமிட்டுப் பதித்திருந்தார். பதினொரு ஆண்டுகள் அவர் வெறுத்த அதே பாதை. மேசைமீது பன்னிரண்டு சரக்கு வண்டிகள் கவிழ்ந்து கிடந்தன. பக்கத்தில் அந்தப் பிஸ்கட் டின் திறந்திருந்தது.

‘உதவி செய்கிறீர்களா?’ என்றார்.

இருவரும் அமர்ந்து, அவர் அரும்பாடுபட்டு அகற்றிய சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, பழைய சக்கரங்களை மாட்டினோம். ஒவ்வொன்றையும் 14.5-க்கு அளந்தோம், மூன்று இடங்களில் அளந்தோம். தவறான அளவையும் அவர் சரியாகவே அளந்தார். பிரேக் கட்டைகளைத் தொடவில்லை. ‘அவை பொருந்தாமல்தான் நிற்கும். பரவாயில்லை’ என்றார்.

‘எஞ்சின்?’ என்று கேட்டேன்.

‘என் எஞ்சின்களை மாற்ற இனி எனக்குக் காலம் போதாது. எஞ்சின் அவனுடையதாக இருக்கட்டும். வண்டிகள் என்னுடையவை.’

அன்று அவர் தம் கொள்கையைக் கைவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. 18.2 பாதை அப்படியே எதிர்ப்புறத்தில் இருந்தது. எது சரி என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. சிறுவனிடம் சொன்னதும் உண்மையே. ஆயினும், இருவரில் யாருடைய சக்கரம் நகரக்கூடியது என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். எட்டு வயதுச் சிறுவனிடம் அச்சும் இல்லை, அளவுக்கட்டையும் இல்லை. வழியறிந்தவரிடம்தான் கருவி இருந்தது. கருவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலில் குனிய வேண்டும் என்று அந்த மாலையில் எனக்குத் தோன்றியது. எங்கள் இருவரில் கல்லுக்கு வாசகம் எழுதியவன் நான். அண்ணனிடம் உளி இல்லை.

டிசம்பரில் அவரிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. சனிக்கிழமைகளில் பேரன் வருகிறான் என்று எழுதியிருந்தார். தாத்தாவின் மற்ற வண்டிகள் மட்டும் ஏன் அழகாக நிற்கின்றன என்று ஒருநாள் அவனே கேட்டானாம். கேட்டபிறகுதான் சொல்லிக்கொடுத்தாராம்.

* * *

ஊர் திரும்பிய பின், அக்டோபர் கடைசியில் அண்ணன் வீட்டுக்குச் சென்றேன். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

‘வாங்க ஃபாதர்’ என்றார் அண்ணன். அண்ணி காபி கொண்டுவந்தார்.

‘அண்ணே, அப்பாவோட வேலைக்குச் சரியான பேர் என்ன? எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்’ என்றேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். பழைய தகரப் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. அப்பாவின் பணிச் சான்றிதழை நெகிழி உறையோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

‘கல்லுல இடம் இருந்துச்சுண்ணே. அன்னைக்கு நான் சொன்னது பொய்’ என்றேன்.

‘தெரியும்’ என்றார் அண்ணன். ‘நான் அளந்து பார்த்தேன்.’

கல் செதுக்குபவரை அழைத்துக்கொண்டு மூவரும் கல்லறைத் தோட்டத்திற்குப் போனோம். நான் முன்பு எழுதிய வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அண்ணன் சிறிது யோசித்தார். ‘வேணாம், இருக்கட்டும். அதுவும் அப்பாதானே’ என்றார். அதன் கீழே, ‘ஃபிட்டர், சக்கரப் பிரிவு, பொன்மலைப் பணிமனை, 1958–1994’ என்று எழுத முடிவாயிற்று.

செதுக்குபவர் கண்ணளவிலேயே கோடு கிழிக்கப் போனார். அண்ணன் தடுத்தார். சட்டைப்பையிலிருந்து அப்பாவின் எஃகு அளவுகோலை எடுத்தார். மேல்வரியிலிருந்து இடப்பக்கம் அளந்து ஒரு புள்ளி வைத்தார்; நடுவில் அளந்து ஒரு புள்ளி வைத்தார். வலப்பக்கத்தில் கல்லின் விளிம்பு மறைத்ததால் கை எட்டவில்லை. நிமிராமலே அளவுகோலின் மறுமுனையை என் பக்கம் நீட்டினார்.

‘தம்பி, அந்த முனையைக் கொஞ்சம் பிடி’ என்றார்.

பிடித்துக்கொண்டேன்.